தேமல் விழுந்த மரத்தரை

ஓய்வு பெற்ற கையோடு எனக்குக் குதிகால் வலி வந்தது. பள்ளிக்கூடத்தில் பணிக்காலம் முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நின்றே வேதியியல் நடத்தியவள் நான். நின்றபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட கால், உட்காரக் கிடைத்ததும் வலிக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி டைல்ஸ் தரையில் முதல் அடி வைத்தால் உச்சி மண்டை வரை சுள்ளென்று ஏறும். வெறுங்காலோடு டைல்ஸில் நடக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்க எனக்குப் பிடிக்காது. மாடியில் நாங்கள் படுக்கிற பெரிய அறைக்கு மரத்தரை போட்டுவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம்.

முடிவு செய்த அன்று சாயங்காலமே என் கணவரின் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டார். பாளையங்கோட்டையில் அவருக்கு வீட்டு உள் அலங்காரக் கடை இருக்கிறது. சமையலறை அலமாரி, ஜிப்சம் கூரை, சுவர்த்தாள் எல்லாம் செய்வார். மரத்தரை புதிதாகச் சேர்ந்த வேலை. மரியாதைக்குத்தான் இங்கே அவர் என்று எழுதுகிறேன். மனதுக்குள் அவன்தான்.

"மதினி, வெளி ஆளுக்குக் குடுத்தியன்னா நான் எப்படி ஊருக்குள்ள முழிப்பேன்? சொந்த அண்ணன் வீட்டுத் தரையவே இவன்கிட்ட குடுக்கலன்னு பேச மாட்டாவளா?"

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். தம்பி விஷயத்தில் அவர் எப்போதும் அப்படித்தான். முடிவைத் தான் எடுத்துவிட்டு, சம்மதத்தை என் வாயிலிருந்து வாங்குவார். சரி என்றேன்.

பலகைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செங்கோட்டையிலிருந்து வந்த தேக்கு. தச்சர்கள் ஜன்னலிலிருந்து வாசல்வரை நீளவாக்கில், இடுக்கில் ஒரு நூல்கூட நுழையாதபடி இழைத்து இறக்கினார்கள். பாலிஷ் போடும் நாளில்தான் எல்லாம் கெட்டது.

அந்தச் சமயம் கொழுந்தனாருக்கு ராதாபுரத்தில் ஒரு பெரிய வீட்டு வேலை வந்திருந்தது. எங்கள் வேலையை அன்றைக்கே முடித்து ஆட்களை அங்கே அனுப்ப வேண்டும். உச்சி வெயிலில் வந்தார்கள். அறை அடுப்பு மாதிரி கொதித்தது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, டப்பாவின் மூடியைத் திறந்து அப்படியே ரோலர் தட்டில் சாய்த்தார்கள். கொழுந்தனார் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் டப்பாவை எடுத்துப் படித்தேன். வாசிக்கிற பழக்கம் விடாது. "தம்பி, இதை அடிவரைக்கும் நல்லாக் கலக்கிட்டுத்தான் ஊத்தணும்னு போட்டிருக்கே. ஃபேனும் போடக் கூடாதாம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "மதினி, இது உங்க லேபு இல்ல. நீங்க கீழ போய்க் காப்பி போடுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆட்கள் முன்னால் சொன்னார். அதைவிடக் கொடுமை, நான் போய்க் காப்பி போட்டேன். போட்டு, குதிகால் வலியோடு மாடிப்படி ஏறி, தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

எங்கள் மாடி அறையில் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் உண்டு. பாலிஷ் காய்ந்து நாங்கள் மேலே போனது ஒரு சாயங்காலம். மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் ஜன்னல் வழியாகத் தரையோடு தரையாக வெளிச்சத்தைப் படுக்கப்போட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தரையைப் பார்த்தேன். தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் எண்ணெய் தேய்த்தது போல் பளபளப்பு, வாசல் பக்கம் சாம்பல் பூத்த மங்கல். நடுவில் ரோலர் நின்று நின்று போன இடமெல்லாம் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள். கால் வைத்தால் ரவை சிந்தியது போல் நறநறவென்றது. மின்விசிறி கிளப்பிய தூசி அத்தனையும் ஈரத்தில் ஒட்டி அப்படியே காய்ந்திருந்தது.

போன் செய்து, தரை தேமல் விழுந்தது மாதிரி இருக்கிறது என்றேன். "அது மரத்தோட கொணம் மதினி. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விதமாக் குடிக்கும். ஒரு மழை பெஞ்சா செட் ஆயிரும்" என்றார்.

மழைக்கும் மாடி அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இணைப்பு சரியில்லை என்றார். பலமுறை கூப்பிட்ட பிறகு ஒருநாள் வந்தார், நட்டநடு மதியத்தில். அந்த நேரத்தில் வெளிச்சம் மேலிருந்து விழும், எந்தத் தரையும் நல்ல தரையாகத்தான் தெரியும். அறை நடுவே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலியே, அண்ணே உனக்குத் தெரியுதா?" என்றார். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை இருந்து பாருங்கள் என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

இதுவரைக்கும் நடந்தது அலட்சியம். அதற்காக ஒரு மனிதர் மேல் வன்மம் வைப்பவள் இல்லை நான். வன்மம் வந்தது அசனத்தில்.

எங்கள் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் தரையில் பந்தியாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்தை அசனம் என்போம். அன்று காலை பிரசங்கம்கூட மன்னிப்பைப் பற்றித்தான். கொழுந்தனார் கமிட்டியில் இருப்பவர். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் கரண்டியுமாகக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு பெண்கள் பந்தியில் வந்தார். என் பக்கத்தில் என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி. எதிர் வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், இப்போது அவர்களே பிள்ளைகளைப் பெற்று மடியில் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மா, "டீச்சர் வீட்டுல மரத்தரை போட்டிருக்காமே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னால் கொழுந்தனார் முந்திக்கொண்டார்.

"அத ஏன் கேக்கிய? கண்ணாடி மாதிரிப் போட்டுக் குடுத்தேன். மதினி ஈரத்துணிய வச்சு அரக்கு அரக்குன்னு அரக்கித் தொடச்சு, தரை முழுக்கத் தேமலாக்கி வச்சிருக்காவ. கெமிஸ்ட்ரில புலி. ஆனா வீடு தொடைக்க எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கான்?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தபடியே என் இலையில் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். தேமல் என்பது நான் போனில் அவரிடம் சொன்ன வார்த்தை. என் வார்த்தையையே எடுத்து என் முகத்தில் பூசிவிட்டார்.

அதோடு முடியவில்லை. கை கழுவும் இடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மரத்தரையை எப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். பிழிந்த துணி போதும் டீச்சர். வெந்நீர் ஆகாது டீச்சர். என்னிடம் படித்து என்னிடமே குட்டு வாங்கிய ஒருத்தி, என் தோளைத் தொட்டு, "பரவால்ல டீச்சர், எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்க முடியுமா?" என்றாள். நான் அந்தத் தரையில் ஒருநாள்கூட ஈரத்துணி போட்டதில்லை. அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் குற்றம் செய்தவள் மாதிரிதான் இருக்கும். சிரித்துக்கொண்டே நின்றேன். அன்று அந்தப் பந்தியில் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள் என் ஓரகத்தி ஒருத்திதான். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "விடேன். அவன் எப்பவும் விளையாட்டாப் பேசுதவன்" என்றார்.

"விட மாட்டேன்" என்றேன்.

பழியைக் கர்த்தரிடம் விடச் சொல்வார்கள். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், எங்கள் மாடித் தரை அவர் கண்ணில் படுவதற்குள் எனக்கு வயதாகிவிடும் என்று தோன்றியது. சண்டை போட்டால் அவருக்குத்தான் லாபம், மதினி வாயாடி என்று இன்னொரு கதை கிடைக்கும். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தரையை நானே சரிசெய்வேன். ஊர் பார்க்கும்படி செய்வேன். பிறகு, கெடுத்தது யார் என்பதை அவர் வாயாலேயே வரவழைப்பேன்.

மீந்த பாலிஷ் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை இறக்கித் திறந்தேன். மேலே தெளிந்த திரவம். ஒரு குச்சியை விட்டுத் துழாவினால் அடியில் கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக வண்டல். பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கிற பொடி அது. கலக்காமல் ஊற்றியதால் மேலே இருந்த தெளிவு முதலில் போய் ஜன்னல் பக்கம் எண்ணெயாக மின்னியது, அடி வண்டல் கடைசியில் போய் வாசல் பக்கம் சாம்பலாக அடைந்தது. உச்சி வெயிலும் மின்விசிறியும் சேர்ந்து ஒரு வரி காய்ந்த பிறகு அடுத்த வரி ஏறியதால்தான் பட்டைகள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்தேன். பரிசோதனையில் விடை கிடைத்த சந்தோஷம் இல்லை அது. எதிராளியின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட சந்தோஷம்.

முதலில் நானும் ஒரு தவறு செய்தேன். கோடு தெரிகிற இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அங்கே மட்டும் புது பாலிஷ் தடவிப் பார்த்தேன். காய்ந்ததும் சட்டையில் ஒட்டுப்போட்டது போல அது தனியாகத் தெரிந்தது. இன்னொரு இடத்தில், அசனப் பந்திச் சிரிப்பை நினைத்துக்கொண்டே அழுத்தியதில் பூச்சு முழுவதும் போய் வெறும் மரம் பல்லைக் காட்டியது. ஒட்டுப்போடும் வேலை இல்லை இது என்று புரிந்தது. தரை முழுவதையும் லேசாகத் தேய்த்து, தரை முழுவதும் ஒரே மூச்சில் பூச வேண்டும்.

பெயின்ட் கடைக்குப் போய் அதே பாலிஷில் புது டப்பாவும், பொடி உப்புத்தாளும், நல்ல ரோலரும், பேப்பர் டேப்பும் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "யாரு டீச்சர் வேலைக்கு வாரா?" என்றார்.

"நான்தான்."

"உங்க கொழுந்தனாருதான இந்தத் தொழில்ல இருக்காவ?"

"அதனாலதான்" என்றேன்.

ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தில் துணி கட்டி, முழங்காலுக்கு அடியில் தலையணை போட்டுக்கொண்டு, உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்த்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் சொன்ன ஒரு வார்த்தை. லேபு இல்ல. காப்பி போடுங்க. கெமிஸ்ட்ரில புலி. தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பொடி பூத்தது. பளபளப்பு, மங்கல், பட்டை எல்லாம் ஒன்றாகி, தரை திருநீறு பூசியது போல் ஒரே நிறத்துக்கு வந்தது.

இரண்டாம் நாள் தேய்த்துவிட்டு எழுந்திருக்கும்போது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. "அம்மா" என்று கத்திவிட்டேன். கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் மேலே வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரே முழங்காலிட்டார்.

"இங்கன தா" என்று கட்டையை வாங்கிக்கொண்டார்.

"உங்க தம்பி போட்டது. தேய்ச்சு எடுக்க மனசு வருதா?"

அவர் பைய, ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே போனார். என்னைவிட நன்றாகத் தேய்த்தார், அவருக்குக் கோபம் இல்லை. வடக்குச் சுவர் ஓரம் வந்தபோது நான் தடுத்தேன். கட்டில் போடுகிற இடம் அது. ஒரு பலகையின் இடுக்கோடு நீளமாகப் பேப்பர் டேப்பை ஒட்டி, "இதுக்கு அந்தப் பக்கம் தொட வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"அது சாட்சி."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏளா, நீ பொல்லாதவ" என்றார். ஆனால் டேப்பைத் தாண்டித் தேய்க்கவில்லை.

தூசியை வேக்குவம் கிளீனரால் இழுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி துடைத்தோம். மறுநாள் வெயில் ஏறும் முன்னால், விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது ஜன்னல்களைச் சாத்தினோம். மின்விசிறி இல்லை. டப்பாவைக் குலுக்காமல், குலுக்கினால் குமிழ் வரும், ஒரு தட்டைக் குச்சியால் அடியிலிருந்து வழித்து வழித்துக் கலக்கினேன். ஜன்னலில் தொடங்கி வாசல்வரை ஒரே ஓட்டமாக ஒரு வரி. அது ஈரமாக இருக்கும்போதே அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அடுத்த வரி. விட்ட இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. என் கணவர் தட்டைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார். இருவரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வெளியே வந்து விழுந்தபோது அவர் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அது காய்ந்ததும் லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு.

மேற்கு ஜன்னல் வெளிச்சம் படுக்கிற நேரத்துக்குக் காத்திருந்து பார்த்தோம். காற்றில்லாத நேரத்துக் குளம் மாதிரி, ஒரு மூலை முதல் மறு மூலை வரை ஒரே மங்கலான மினுக்கம். என் கணவர் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நான் கட்டிலை எடுத்து வடக்குச் சுவர் ஓரம் போடச் சொன்னேன்.

பிறகு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குச் சபைப் பெண்களை அழைத்தேன். மாடியில் பாய் விரித்து உட்கார வைத்தேன். எல்லாரும் தரையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எப்படி என்று கேட்டவர்களிடம் சிரித்து மட்டும் வைத்தேன். செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்று தெரியும். போனது. கொழுந்தனார் என் கணவருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன்.

"அண்ணே, தரை இப்ப சூப்பரா இருக்காம்லா? நான் சொல்லல, மரம் செட் ஆயிரும்னு? நம்ம பார்ட்டி ஒருத்தவிய, காயல்பட்டினத்துக்காரவிய, இங்கன வீடு கட்டுதாவ. வேலைக்கு மாடல் பாக்கணும்ங்காவ. கூட்டிட்டு வரட்டா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "வரச் சொல்லுங்க" என்றேன். "சாயங்காலமா வரச் சொல்லுங்க."

சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். கூட வந்த அம்மாவுக்கு என்னைவிடச் சற்று இளைய வயது. கணவர் வளைகுடாவில் இருக்கிறாராம், வீட்டைக் கட்டுவது முழுக்க இந்த அம்மாதான். பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் கட்டுகிறார்கள். நான் காப்பியும் முந்திரிக்கொத்தும் கொடுத்தேன். இந்தக் காப்பியைச் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

மாடிக்குப் போனோம். வெளிச்சம் தரையில் படுத்திருந்தது. "மாஷா அல்லாஹ்" என்று அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கொழுந்தனார் அறை நடுவே போய்க் கையை விரித்தார்.

"நம்ம ஆளுவ போட்டது. இந்த ஃபினிஷிங் திருநெல்வேலிலயே வேற எவனும் தர மாட்டான். அண்ணன் வீடுங்கிறதால நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

"காயுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஃபேன் போட்டுக்கலாமா?" என்றார் அம்மா.

"தாராளமா. ஃபேன் போட்டா சீக்கிரம் காஞ்சிரும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. இவுக வேலை உங்களுக்குத் திருப்திதானே?"

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். "இவுக வேலைய நீங்க இன்னும் பாக்கலியே" என்றேன். "கட்டிலுக்கு அடியில இருக்கு."

கொழுந்தனாருக்குப் புரியவில்லை. புதுத் தரையில் தேக்குக் கட்டிலை இழுத்தால் கோடு விழும், இருவர் சேர்ந்து தூக்கத்தான் வேண்டும். நான் என் கணவரைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் அவர் பின்வாங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை. நேராகப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் குனிந்தார்.

"ஏலே, தலைமாட்டப் பிடி" என்றார் தம்பியிடம்.

அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் கொழுந்தனார் பிடித்தார். தன் கையாலேயே தூக்கி நகர்த்தினார். வெளிச்சம் சுவர் வரைக்கும் ஓடியது. டேப் ஒட்டிய இடத்தில் கோடு கிழித்தது போல் ஒரு பக்கம் என் தரை, மறு பக்கம் அவர் தரை. எண்ணெய், சாம்பல், பட்டை, ரவைத் தூசி, எல்லாம் அப்படியே.

அந்த அம்மா குனிந்து ஒரு விரலால் இரண்டு பக்கமும் தடவினார்.

"அது வந்து... மதினி ஈரத்துணியப் போட்டுத் தொடச்சதுல..." என்று ஆரம்பித்தார் கொழுந்தனார்.

"அப்ப ரூமு முழுக்க விட்டுட்டு, கட்டிலுக்கு அடியில மட்டுமா தம்பி தொடச்சேன்?"

அவர் முகம் வெளுத்தது. அசனத்தில் அவர் எந்தக் குரலில் பேசினாரோ அதே விளையாட்டுக் குரலில் நான் சொன்னேன்: "டப்பாவ அடிவரைக்கும் கலக்கணும், ஃபேன் போடக் கூடாதுன்னு டப்பாவுலயே எழுதிருக்கு. தம்பி வியாபாரத்துல புலி. ஆனா டப்பா வாசிக்க எந்தக் கடையில சொல்லிக் குடுக்கான்? மிச்சத் தரைய நானும் உங்க அண்ணனும் முழங்காலு தேயத் தேய்ச்சு, நாங்களே போட்டோம்."

"அண்ணே, நீயுமா?" என்றார் அவர்.

"நானுந்தாம்லே" என்றார் என் கணவர்.

அந்த அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யோசித்துச் சொல்வதாக அவரிடம் சொன்னார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. படியிறங்கும்போது என்னிடம் மட்டும், எந்தக் கடையில் உப்புத்தாள் வாங்கினேன் என்று கேட்டுக்கொண்டார். கொழுந்தனார் காப்பித் தம்ளரைத் தொடாமலே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை கோயில் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காத சிலரிடமும் சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொழுந்தனார் என்னைக் கண்டு வேறு வாசலால் போனார். என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்ன பழைய மாணவி வந்து, "டீச்சர், எங்க வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் போடணும், எப்படிப் போடணும்?" என்று கேட்டாள். உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

பழி அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காலை என் ஓரகத்தி போன் செய்தாள். வழக்கமாக அவள் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள்.

"அக்கா, கடைக்கு மாடலா இருக்கட்டும்னு எங்க வீட்டு ஹால்லயும் மரத்தரைதான போட்டிருக்கு? அதுவும் உங்க தரை மாதிரியேதான் இருக்கு. நான் ஈரத்துணி போட்டுக் கெடுத்துட்டேன்னு உங்க கொழுந்தனாரு வாரவிய போறவியகிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்காவ. நானும் ஆமான்னு நம்பிட்டு இருந்தேன் அக்கா. தொடைக்கத் தெரியாதவன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொல்லிருக்காவ." அவள் குரல் உடைந்தது. பிறகு திடமாகிவிட்டது. "அவிய வேலை விஷயமா திசையன்விளைக்குப் போயிருக்காவ. நீங்க கட்டையும் தாளும் எடுத்துக்கிட்டு வாங்க."

அசனத்தில் அவள் ஏன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனை வைத்ததும் புறப்பட்டேன்.

அவள் என்னைவிட உக்கிரமாகத் தேய்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளைப் பலமுறை நிறுத்தி, "பைய, பைய, மரம் வந்துரும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசிப் பூச்சை ஒரு காலையில் முன்வாசலில் தொடங்கி அடுக்களை வாசலில் வந்து முடித்தோம். கை கால் கழுவி, அவள் வைத்திருந்த நெத்திலிக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் கார் வந்து நின்றது. கொழுந்தனார் சொல்லாமல் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஓரகத்தி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "உள்ள வராதிய! ஈரம் காயல!"

கதவு பாதியில் நின்றது. பிறகு, "யாரு போடுதா?" என்றார்.

"நானும் உங்க மதினியும்."

கதவைப் பைய சாத்துகிற ஓசை. அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். பின்கதவை அவள் முன்பே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"ஏளா, கதவத் தொற. பசிக்குது."

"தொறந்தா காத்தடிச்சுத் தூசி வந்து ஒட்டும். பெறவு தேமலாயிரும். சாயங்காலம் வரைக்கும் இருங்க."

அவர் வாதாடவில்லை. என்னவென்று வாதாடுவார்? திரும்பிப் போய் முன்பக்கம் கார் நிறுத்துகிற கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டோம். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பு நிற்கவில்லை. வெயில் நகர நகர, நாற்காலியை அவர் நிழலுக்கு இழுத்துக்கொண்டே போகிற ஓசை விட்டு விட்டுக் கேட்டது.

"அவியளுக்கு ஒரு தட்டு ஜன்னல் வழியாக் குடுப்போமா அக்கா?" என்றாள் ஓரகத்தி.

"குடுக்கலாம்" என்றேன். "நாம முதல்ல சாப்பிட்டு முடிப்போம்."

நெத்திலி அருமையாக இருந்தது. இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.